அப்பா உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி

அப்பா மில்லில் தறி ஓட்டினார். வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் வானொலியில் உளவாளியாக இருந்தார். எதிரி நாட்டுக்குள் வேஷம் மாறிப் போய் ரகசியம் கொண்டுவரும் அந்த உளவாளியின் குரலுக்கு, முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே காத்துக் கிடக்கும். கடைசி வாரம் அவர் படகில் தப்பும்போது சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தெருவில் பெண்கள் அழுதார்கள். நான் அழவில்லை. ஒலிப்பதிவுக்கு அப்பா என்னையும் கூட்டிப் போயிருந்தார். அண்டாத் தண்ணீரைக் கையால் அளாவினால் அது கடல். பலகையை மேசைமேல் அறைந்தால் அது துப்பாக்கி. அப்பா "ஆ" என்று அலறிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய வருஷம், அதே கதையைச் சென்னையில் டிவிக்கு எடுக்கப்போவதாகவும், அப்பாவையும் வந்து நடித்துக் காட்டச் சொல்லியும் கடிதம் வந்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம், "ரேடியோல பலகையத் தட்டி ஏமாத்திடலாம். டிவில கண்ணால பாக்குறாங்க இல்ல? எல்லாம் நெஜமா இருக்கணும்" என்றார்.

நான் அதைக் கதவோரம் நின்று கேட்டேன். எல்லாம் நிஜம் என்றால் துப்பாக்கியும் நிஜம்தானே?

அன்றிலிருந்து அப்பா நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சாகப் பழகினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார். எழுந்து மறுபடி சரிவார்.

"ஜெபமால சொல்ற நேரத்துல இப்பிடிச் செத்துச் செத்து உழுறீங்களே, நல்லாவா இருக்குது?" என்று அம்மா சத்தம் போட்டாள்.

"உனுக்கு நடிப்பப் பத்தி இன்னா தெரியும்" என்று தரையில் கிடந்தபடியே அப்பா சொன்னார்.

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது? கோயிலுக்கு ஓடி, மாதா முன்னால் முழங்காலில் நின்றேன். வீட்டில் யார் உயிருக்காவது ஆபத்து என்றால் அவர்கள் உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். நானும் நேர்ந்துகொண்டேன்: "மாதாவே, டிவில எங்க அப்பாவ எடுத்துக்கக் கூடாது. அப்பா உயரத்துக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்."

அப்பா சென்னை போய்வந்த இரண்டு நாளும் பயத்தில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"கொரலு பிரமாதமாம்." அம்மை வடு நிறைந்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். "மூஞ்சி ஒத்து வராதாம். வேற ஆளப் பாத்துட்டாங்க."

நான் குதித்தேன். மாதா கேட்டுட்டா, மாதா கேட்டுட்டா என்று கத்தி, என் நேர்ச்சையை ஒப்பித்தேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு. கொழந்த நேந்துகிட்டா. மாதாவுக்குச் சொன்னதச் செய்யாம இருக்கக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே உப்பளம் பகுதியில் மெழுகுவத்தி வார்ப்பவரிடம் போனோம். அவர் உச்சியிலிருந்து பாதம்வரை நூல் பிடித்து அளக்கும்போது அப்பா விறைப்பாக நின்றார். வார்த்து முடிந்ததும் வெயிலில் வளைந்துவிடாமல் ஈரத்துணி சுற்றி, தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். தெருமுனையில் சொல்தா மாமா மறித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் தெருவில் டிவி இருந்ததும் அவர் வீட்டில்தான்.

"இன்னா முசியே, டிவி ஸ்டாரே மெழுகுவத்தி தூக்கிகினு போறாரு? சான்சு கெடச்சிருச்சா?"

நான்தான் முந்திக்கொண்டேன். "இல்ல மாமா, கெடைக்கல! அதுக்குத்தான் நேர்ச்ச!"

சொல்தா மாமா அப்பா முகத்தைப் பார்த்தார். அப்புறம் விலகி வழிவிட்டார்.

சில மாதம் கழித்து அவர் வீட்டில்தான் அந்தத் தொடரைப் பார்த்தோம். நல்ல சிவப்பாக, வழவழவென்ற முகத்தோடு ஒருவர் உளவாளியாக நடித்தார். கடைசி வாரம், நான் பயந்தபடியே, அவரைச் சுட்டார்கள். சட்டையெல்லாம் ரத்தம். படகிலேயே சரிந்துவிட்டார். நான் அப்பாவை ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் அப்பா உதடு மட்டும் அசைய, அந்தக் கடைசி வசனத்தைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்று காதில் கிசுகிசுத்தேன். "பாவம், அவுருக்கும் புள்ளைங்க இருக்கும்ல? நாம கோயில்ல ஒரு பூச குடுப்பமாப்பா அவுரு ஆத்துமாவுக்கு?"

அப்பா சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். செத்துப்போன அந்த மனுஷருக்காகத்தான் அழுகிறார், எங்க அப்பாவுக்கு எவ்வளவு இரக்க மனசு என்று நினைத்துக்கொண்டேன்.