அட்டையில் இருக்கும் முகம்

குடியிருப்பு வாசலில் காவலாளி அந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரும்மா, உங்க பொண்ணா?"

"நான்தாங்க," என்றாள் சித்தி.

"அட, விளையாடாதீங்க. கார்டை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

அதே குடியிருப்பில் டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போன, சித்தியின் அக்கா மகள் பின்னால் நின்றிருந்தாள். நிற்கப் பொறுமையில்லை. "அண்ணே, அவங்கதான். வெயில் தின்னது போக மிச்சம் இவ்வளவுதான். உள்ள விடுங்க," என்றாள்.

காவலாளி வாய்விட்டுச் சிரித்தார். சித்தியும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. பேச்சு அவ்வளவுதான். ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் அக்கா மகளுக்கு இன்னமும் காது சூடாகிறது.

வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரில் ரீடிங் எடுப்பது சித்தியின் வேலை. பதினாறு வருஷம். அட்டையில் இருந்தது சேர்ந்தபோது எடுத்த படம். இரும்பு மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்து, கண்ணை இடுக்கி எண்ணைப் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை இடுக்கினால் கண்ணோரத்தில் கோடு விழாமல் என்ன செய்யும்? சேர்ந்த புதிதில் வீட்டுக்காரர்களுக்கு அவள் மீட்டர் பொண்ணு. பிறகு மீட்டர் அக்கா ஆனாள், அப்புறம் மீட்டர் அம்மா. போன மாதம் ஒரு வீட்டுக் குழந்தை "மீட்டர் பாட்டி வந்தாச்சு!" என்று கத்தியதாம். "நாய்ங்க மட்டும்தான் அன்னிக்குக் குரைச்ச மாதிரியே இன்னிக்கும் குரைக்குது," என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

காவலாளி சிரித்த அதே வாரம் அலுவலகத்தில் அறிவித்தார்கள்: எல்லோருக்கும் புது அட்டை, பத்து நாளில் படம் எடுப்பார்கள்.

சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அக்கா மகளுக்கு, பருவுக்கென்று தோல் டாக்டர் ஒரு ரெட்டினாய்டு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். "இதையே முகச் சுருக்கத்துக்கும் போடுவாங்களாம் சித்தி," என்று ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"எனக்கெதுக்குடி அதெல்லாம்?"

முகம் முழுக்கப் பட்டாணி அளவு போதும், ராத்திரி மட்டும், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் படக் கூடாது, பலன் தெரியவே மாதக்கணக்காகும். டாக்டர் இவ்வளவும் சொல்லியிருந்தார். அவள் சித்தியிடம் எதையும் சொல்லவில்லை. சித்தி கேட்கவுமில்லை. கேட்க வெட்கம்.

ஒரு வாரத்தில் டியூப் பாதி சப்பையாகிவிட்டது. சித்தியின் கன்னம் சிவந்து, வாயோரம் தோல் செதில் செதிலாக உரிந்தது.

"வெயில் ஒத்துக்கலை," என்றாள் சித்தி.

"பதினாறு வருஷம் ஒத்துக்கிட்ட வெயில் இப்பத்தான் கோவிச்சுக்கிச்சாக்கும்?" என்றார் சித்தப்பா, சாப்பிட்டுக்கொண்டே.

அக்கா மகளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சொன்னால் சித்தி எதற்காகப் போட்டாள் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு நேரே குடியிருப்பு வாசலில் போய் நிற்கும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நாளும், போட்டது போதவில்லை என்று நினைத்து சித்தி காலையில் கிளம்பும் முன்பு இன்னும் தாராளமாகப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

படம் எடுத்தவன் சின்னப் பையனாம். "அம்மா, முகத்துல ஏதோ ஒட்டியிருக்கு, கழுவிட்டு வந்துடுங்க," என்றானாம்.

"கழுவினா போகாதுப்பா. நீ எடு," என்றாளாம் சித்தி.

புது அட்டை கழுத்தில் தொங்க அவள் வீட்டுக்கு வந்த சாயங்காலம், சித்தப்பா இன்னும் வரவில்லை. அக்கா மகள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அழற்சியில் சிவந்த முகம், உதட்டோரம் வெள்ளை வெள்ளையாகச் செதில். வருஷக்கணக்கில் ஒவ்வொரு வாசலிலும் சித்தி இதைத்தான் நீட்ட வேண்டும்.

"சித்தி, அந்தக் களிம்பை நீங்க போட்டது எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு."

சித்தி நிமிரவில்லை. காதுவரை சிவந்துவிட்டாள்.

"உன் மருந்தைக் கேட்காம எடுத்தது நான்தானேடி," என்றாள் மெதுவாக.

"அதை விடுங்க. முதல்ல இது ஆறட்டும். அப்புறம் டாக்டர்கிட்டயே போய்க் கேட்கலாம்."

சித்தி களிம்புப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் மருந்துக் குறிப்பை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதுல இருக்கிறதை முழுசாத் தமிழ்ல எழுதிக் குடு. ஒண்ணையும் விட்டுடாதே." பிறகு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "சுருக்கம்னு வர்ற இடத்தை மட்டும் விட்டுடு. உங்க சித்தப்பா கையில சிக்குனா சிரிப்பாரு."