அப்பாவுக்கு டயாலிசிஸ் வேண்டாமாம்

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்கு மன்னிக்கவும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று போன வாரம் சொன்னார்கள்.

"ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"நாள் பூரா போயிக்கிட்டேதான இருக்கேன்" என்றார் அப்பா.

ஸ்கேனில், போய்விட்டு வந்த பிறகும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தது. புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்ததில்தான் சிறுநீரகமும் கெட்டிருக்கிறது. நிரம்பி வழிந்ததைத்தான் போவதாக நினைத்திருக்கிறோம். சிறுநீர் வடிய டியூப் போட்டார்கள்.

சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டயாலிசிஸ் வேண்டாமாம். புராஸ்டேட்டுக்கு மட்டும் ஆபரேஷன்.

திரும்பி வரும்போது கழுகுமலை பஸ்ஸில் அப்பா வேட்டியை விலக்கி, டியூபில் மாட்டிய பையைப் பக்கத்து சீட்காரரிடம் காட்டினார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. எம்புட்டு வந்திருக்கு."

அவரும் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே, சிறுநீர் முழுசாகப் போகிறதா என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், எங்கள் அப்பாவைப் பேசச் சொல்கிறேன்.