துரை போட்ட முட்டை

மில் கேட்டில் வேலை பார்த்ததால் அவளுக்குக் கேட்டம்மா என்று பெயர் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுதான் உத்தியோகம். நூல்கண்டு, ஊசிப் பொட்டலம், துண்டுத் துணி என்று எது அகப்பட்டாலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, மேலதிகாரி மேஜையில் வைத்துவிடுவாள். அவளை யாரும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றப் பார்த்தவர்களை அவள் மறந்ததும் இல்லை.

அதே மில்லில் தையல் பிரிவில்தான் அவள் தங்கையும் இருந்தாள். ஒருநாள் தங்கையின் பையையும் எல்லார் எதிரிலும் கவிழ்த்துப் பார்த்தாள் கேட்டம்மா. ஒரு சீப்பும் சாப்பாட்டு டப்பாவும் விழுந்தன, அவ்வளவுதான். கூடப்பிறந்தவளை விட்டுவிட்டால் மற்றவர்கள் கேட்கமாட்டார்களா என்பது அவள் நியாயம். தங்கை குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனாள். ஆனால் மறுநாள் தொடங்கி வேலையை விட்டு நிற்கும்வரை அவள் பை கொண்டுவரவில்லை. சாப்பாட்டு டப்பாவை ஒரு துணியில் முடிந்து, முடிச்சு ஊருக்கே தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வருவாள். அதைப் பற்றி அக்காவும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வேலையெல்லாம் முடிந்து இப்போது இருவரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். நடுவில் இடுப்புயரச் சுவர். கேட்டம்மா தனிக்கட்டை. தங்கையின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். குழம்புக் கிண்ணம் சுவர் மேல் ஏறி இறங்கினால்தான் இருவருக்கும் சோறு இறங்கும். ஒருத்தியை விட்டால் இன்னொருத்திக்கு நாதி கிடையாது.

கேட்டம்மா ஒரு லவ் பேர்ட்ஸ் வாங்கினாள். ஜோடியாகத்தான் விற்பார்கள், ஆனால் அவள் ஒன்றுதான் கேட்டாள். நன்றாகப் பேசுகிற ஆணாகப் பார்த்துக் கொடு என்றாள். கடைக்காரரும் பிடித்துக் கொடுத்தார். அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். அன்றைக்கே நிறத்தில் தகராறு. நீலம் எவ்வளவு அழகு என்று தங்கை சொல்ல, இது பச்சையடி, வாழ்நாளெல்லாம் துணி தைத்தவளுக்கு நிறம் தெரியவில்லையே என்று கேட்டம்மா சிரித்தாள். தங்கை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கேட்டம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் யார்? துரை உதிர்க்கிற இறகுகளை அவள் கூட்டித் தள்ளமாட்டாள். பழக்கதோஷம், எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவாள்.

பிறகு கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னார். அது வெகுநாளாகவே முற்றிக்கொண்டு வந்ததாம். ஒரு கண், பிறகு மறு கண் என்று ஆபரேஷன் நடந்தது. தூசி ஆகாது என்பதால் துரையைத் தங்கை தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்டம்மா படுத்துக் கிடந்தாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிய அன்று முதலில் கண்ணில் பட்டது, இத்தனை நாளும் பழுப்பு மஞ்சளாகத் தெரிந்த அறைச் சுவர். பளீரென்று வெள்ளை.

“நான் படுத்துக் கிடந்தப்ப ஆளை விட்டு வெள்ளையடிச்சியாடி?” என்று கேட்டாள்.

தங்கை, அக்கா கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுக் கூண்டை எடுத்துவரப் போனாள். தங்கை சொல்லாமல் செலவு செய்திருக்கிறாள் என்று கேட்டம்மா மனதில் குறித்துக்கொண்டாள்.

கூண்டு வந்தது. உள்ளே இருந்தது துரை இல்லை.

தண்ணீர்த் தொட்டியில் கலக்கிய சாயம் மாதிரி அது நீலமாக இருந்தது. அலகுக்கு மேலே மூக்குச் சதை வெளிர் நிறமாக இருக்குமே, அது பழுப்பாக, காய்ந்த புண் மாதிரி இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை, ஒரு மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தது. கேட்டம்மா தங்கை முகத்தைப் பார்த்தாள். தங்கை சாதாரணமாகத் தீனிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தப்பு செய்தவர்கள்தான் இவ்வளவு சாதாரணமாக இருப்பார்கள், கேட்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். துரை செத்திருக்க வேண்டும், இல்லை பறந்திருக்க வேண்டும். சொல்லப் பயந்து வேறொன்றை வாங்கி வைத்திருக்கிறாள். அதிலும் தன் ஆசைக்கு நீலமாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள்.

அவள் உடனே கேட்டுவிடவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பதுதான் அவள் வழக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தங்கையின் கொல்லையை நோட்டம் விட்டாள். தங்கை அங்கே சிட்டுக்குருவிகளுக்கு அரிசிக் குருணை போடுகிறவள். ஜன்னல் கண்ணாடியில் முன்பு இல்லாத துணிப் பட்டைகள் வரிசையாகத் தொங்கின. எதை மறைக்கிறாள்? செடியோரம் சின்னதாக ஒரு மண்மேடு, மேலே ஒரு கல். துரையை அங்கேதான் புதைத்திருக்கிறாள் என்று கேட்டம்மா தீர்மானித்தாள்.

இந்த நேரத்தில்தான் தீனிக் கிண்ணத்தில் முட்டை கிடந்தது. வெள்ளையாக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு. பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, துரைக்குச் சுகப்பிரசவமா என்று கேட்டுப் போனார். தெருவே சிரித்தது. கேட்டம்மா சிரிக்கவில்லை. ஒற்றைப் பறவை எப்படி முட்டையிடும்? தங்கை தன் கொல்லையில் கூண்டைத் தொங்கவிட்டபோது சிட்டுக்குருவி ஏதாவது கம்பி வழியாக வேலை காட்டியிருக்குமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

நேராகப் பறவைக் கடைக்குப் போனாள். விசாரணை என்றால் விசாரணை. ஆண் இல்லாமல் முட்டை வருமா? கோழி போடுவதில்லையா, சேவல் இல்லாமலும் பெட்டை போடும், பொரிக்கத்தான் பொரிக்காது என்றார் கடைக்காரர். சிட்டுக்குருவி? அது வேறு சாதிப் பறவை, அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். மூக்கு எதற்கு நிறம் மாறியது? குஞ்சில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி, பெட்டைக்கு முட்டை வைக்கும் பருவம் வந்தால் பழுப்பாகிவிடும். அப்படியானால் ஆண் என்று சொல்லி விற்றது? எல்லாரும் ஆண்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் ஆண் என்றுதான் சொல்வேன் என்று கூச்சமில்லாமல் சொன்னார். முட்டையை உடனே எடுக்காதீர்கள், எடுத்தால் விடாமல் போட்டு மெலிந்துபோகும், சுண்ணாம்புச் சத்துக்காகக் கொத்தக் கணவாய் மீன் ஓடு கட்டிவிடுங்கள் என்று ஒன்றை விற்றும்விட்டார்.

புறப்படும்போது கேட்டம்மா கடைசிக் கேள்வியைப் போட்டாள். “பச்சை நீலமா மாறுமா?”

“மூக்கு மாறும்மா. இறகு நிறம் மாறாது. பச்சை சாகுற வரைக்கும் பச்சைதான்.”

அது போதும் அவளுக்கு. வந்த வேகத்தில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு தங்கையின் கொல்லைக்குப் போய்க் கல்லைத் தள்ளிவிட்டு மேட்டைத் தோண்டினாள். தங்கை பின்வாசலில் வந்து நின்றாள்.

“என்னக்கா செய்யுற?”

“எனக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

மண்ணுக்குள் ஒரு துணி. துணிக்குள் பழுப்பும் கறுப்புமாகச் சில இறகுகள். சிட்டுக்குருவி. ஜன்னல் கண்ணாடியில் வானம் தெரிந்ததை நம்பி வந்து மோதி விழுந்ததாம். இன்னொன்று மோதக் கூடாது என்றுதான் துணிப் பட்டைகளைத் தொங்கவிட்டாளாம். தங்கை இதையெல்லாம் மெதுவாகத்தான் சொன்னாள். கேட்டம்மா விடவில்லை.

“அப்ப என் பச்சைத் துரை எங்கே? நில்லு, அத்தாட்சி காட்டறேன்.”

வீட்டுக்குப் போனாள், இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்தாள், பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்தாள். மூடியைத் திறந்து, பாரு என்று தங்கைப் பக்கம் தள்ளினாள். பிறகு தானும் பார்த்தாள்.

டப்பா நிறைய நீல இறகுகள்.

தங்கை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இந்த டப்பா யாரு வீட்டுல இருந்துச்சு?”

“என் வீட்டுல.”

“சாவி?”

“என் இடுப்புல.”

“அப்ப இதை மாத்தினது யாருக்கா?”

கேட்டம்மா திரும்பி, திறந்திருந்த கதவு வழியே தன் அறைச் சுவரைப் பார்த்தாள். “நீ வெள்ளையடிக்கலையா?” என்றாள்.

“இல்ல. அது எப்பவும் வெள்ளைதான், துரை எப்பவும் நீலம்தான். புரையை எடுத்தது உன் கண்ணுலேருந்து. என் வீட்டுலேருந்து எடுக்க வேண்டியது எதுவும் இல்ல.”

இறகை டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் தங்கை உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்று சுவர் மேல் குழம்புக் கிண்ணம் வரவில்லை. கேட்டம்மா வெறும் சோற்றைப் பிசைந்து பார்த்தாள், இறங்கவில்லை. கூண்டுக்குள் துரை முட்டையின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை. தெருவைச் சுற்றி, ஊரார் போலத் தங்கையின் முன்வாசலுக்குப் போனாள். கதவு திறந்ததும் தோளிலிருந்த பையை இறக்கி, வாயை விரித்து நீட்டினாள்.

“பாரு.”

“என்னத்தை?”

“பாருடி. அன்னிக்கு நான் பார்த்தேன்ல, எல்லார் எதிர்லயும்.”

எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை உடனே கையை விடவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பிறகு விட்டாள் பாருங்கள், மூலை முடுக்கு விடாமல் துழாவினாள். பையைக் கவிழ்த்து உதறினாள். ஒரு கைக்குட்டையும், மூக்குக் கண்ணாடிக் கூடும், கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கொஞ்சம் தினையும் விழுந்தன.

“சரி, போகலாம்” என்றாள், கேட்டில் நிற்பவள் சொல்கிற அதே குரலில்.

கேட்டம்மா குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள். நிமிரும்போது, “ஆனா அந்தச் சிட்டுக்குருவி மேல எனக்கு இன்னும் சந்தேகம்தான்” என்றாள்.

“தொலைஞ்சு போ” என்றாள் தங்கை. அவள் குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

மதியம் தங்கை முட்டையைப் பார்க்க வந்தாள். கையில் முடிச்சு இல்லை. சாப்பாட்டை ஒரு பையில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுக் கூண்டருகே போய்க் குனிந்துகொண்டாள். பையின் வாய் பாதி திறந்து கிடந்தது. உள்ளே காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. கேட்டம்மாவின் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.