ரீலுக்கு ஒரு நைலான் நாக்கு

என் அப்பாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு வாய் ஓயாது. சலித்துக்கொள்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் மறக்கவும் மாட்டேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருக்குப் பூனை என்றுதான் பெயர். அவர் கைபட்ட லிஃப்ட் வந்து நிற்பது கதவு திறந்தால்தான் தெரியும். மற்ற மெக்கானிக்குகள் லிஃப்ட் ஓடினால் போதும் என்று பையை மூடிவிடுவார்கள். இவர் மேலே மோட்டார் அறையில் இரும்பில் காதை வைத்து, எங்கோ ஒரு பேரிங் முனகுகிறது என்று எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார். வீட்டிலும் அதே கதைதான். எங்கள் வீட்டில் கதவு, ஃபேன், தையல் மிஷின் எதற்கும் வாய் கிடையாது. வாய் இருப்பது உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் என்பார், அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

ஓய்வு பெற்றதும் மீன் பிடிக்கப் பழகினார். வீட்டுக்குப் பின்னால் மதில் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு, தாண்டிப் படி இறங்கினால் கால்வாய்க் கரை. பழைய சாமான் கடையில் ஒரு சென்டர்பின் ரீல் வாங்கிவந்தார். நடுவில் ஒரு தண்டு, அதன்மேல் தூண்டில் நரம்பு சுற்றிய உருளை, அவ்வளவுதான். உருளை தன்னிஷ்டத்துக்குச் சுற்றி நரம்பைச் சிக்கலாக்கிவிடக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு ராட்செட் இருக்கும்: ஒரு பல்சக்கரம், அதன் பற்களில் ஸ்பிரிங் பலத்தோடு தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குட்டி இரும்பு நாக்கு. நரம்பை விடவும் சுற்றவும் உருளையைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று தெருவே திரும்பிப் பார்க்கும். பூனைக்கு வாய்த்த ரீலைப் பாருங்கள் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். மீன் இழுத்தால் அதுதான் கூப்பிடும், அதற்காகத்தான் விட்டுவைத்திருக்கிறேன் என்று சமாளித்தார்.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பிழைத்து வந்தார். கூடிய மட்டும் தனியாக எங்கும் உட்கார வேண்டாம் என்றார் டாக்டர். கரைக்குத் துணை போக வீட்டில் ஆள் இல்லை. எனக்கு ஆபீஸ், அம்மாவுக்கு முட்டிவலி, படி இறங்குவது பெரும்பாடு. மீன்பிடிப்பை விட்டுவிடச் சொன்னோம். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. கடைசியில் அம்மாதான் இறங்கிவந்தாள்.

“போகட்டும் விடு. வீட்ல உக்காந்து என் உயிர வாங்குறதுக்கு அங்க போய் மீனோட உயிர வாங்கட்டும். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவ என்னை பயமுறுத்தினா, அந்தத் தூண்டில ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்.”

அன்றிலிருந்து தினமும் காலையில் கரகர. தினமும் சமையலறையிலிருந்து அம்மாவின் அர்ச்சனை. “காது கிழியுது! இத நிறுத்தித் தொலைக்கக் கூடாதா?”

அப்பா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மாடி வீட்டு நர்ஸ் ஒருநாள் இறங்கிவந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். நைட் டியூட்டி முடிச்சு வந்து இப்பத்தான் கண்ணை மூடுறேன். உங்க ரீல் சத்தம் தூக்கிப் போடுது.”

தன் கையில் இருக்கும் ஒரு மிஷின் தூங்குகிறவளை எழுப்புகிறதா! அன்றே சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து ரீலைக் கழற்றினார். முதலில் ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்தார். சத்தம் அடங்கியது, ஆனால் உருளை தறிகெட்டுச் சுற்றி நரம்பு கொத்தாகச் சிக்கிக்கொண்டது. கிரீஸ் அப்பிப் பார்த்தார், பலனில்லை. இரும்பும் இரும்பும் மோதினால் இரைச்சல்தான் என்று எழுந்துபோய்த் தன் பழைய டூல்ஸ் பெட்டியைக் குடைந்தார். லிஃப்ட் தண்டவாளத்தில் உரசாமல் இருக்க வைக்கும் நைலான் பட்டை ஒரு துண்டு கிடைத்தது. அதை அறுத்து, அரத்தால் ராவி, ஓட்டை போட்டு, உப்புத்தாளில் முனையைத் தேய்த்து, இரும்பு நாக்கின் இடத்தில் மாட்டினார். என் காதருகே பிடித்துச் சுற்றினார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. உருளையில் விரல் வைத்தால் மட்டும் ஒரு மெல்லிய அதிர்வு.

“அம்மாகிட்ட சொல்லாத. தானா கண்டுபிடிக்கட்டும்,” என்றார். மனுஷனுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. அப்பா கரைக்குப் போய்விட்டார். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

“அப்பா போயாச்சுல்ல?”

“அப்பவே போயாச்சே.”

கொஞ்சம் நறுக்கினாள். மறுபடி நிறுத்தினாள். அடுத்த நொடி கத்தியைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினாள். படியில் ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து இறங்குகிற என் அம்மா, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஓடினாள். ஒன்றும் புரியாமல் நானும் பின்னால் ஓடினேன்.

அப்பா ஸ்டூலில் குனிந்து, அசையாமல், தக்கையையே பார்த்தபடி இருந்தார். அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். பதறி எழுந்தவரின் கையிலிருந்து தூண்டில் நழுவியது.

“ஏய், என்னாச்சு உனக்கு?”

அம்மா ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பேசினாள்.

“சத்தத்தையே காணோமே! அது கரகரன்னாத்தான் நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அதக் கேட்டுக்கிட்டுத்தான் அடுப்புகிட்டயே நிக்கிறேன். போதும். இனிமே இந்தக் கரைப் பக்கம் வரவே கூடாது.”

இத்தனை மாதமாகத் திட்டிக்கொண்டே அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்பாவுக்கும் தெரியாது, ஒரே வீட்டில் இருக்கும் எனக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே கூட்டிவந்தார்.

“பழைய நாக்கையே போட்டுருங்கப்பா,” என்றேன்.

“மேல அந்தப் பொண்ணு தூங்க வேண்டாமா?”

“அப்ப என்னதான் பண்றது?”

“ரெண்டும்தான் வேணும்,” என்று மறுபடி பேப்பரை விரித்தார்.

அந்த வாரம் முழுக்க மேஜை அவருக்குத்தான், நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். நைலானில் மெல்லிய நாக்கு, தடித்த நாக்கு, முனை கூரானது, மழுங்கியது. ஸ்பிரிங்கை மயிரிழை வளைப்பார், நிமிர்த்துவார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை நாக்கு செய்தாலும் விட மாட்டேன் என்றாள்.

“ஒரே ஒரு தடவ கிச்சன்ல நின்னு கேளு. கேக்கலன்னா நானே தூண்டில ஒடிச்சு உன் கையில குடுக்குறேன்,” என்றார் அப்பா.

சோதனை நடந்த அன்று நர்ஸுக்கு லீவு, அவளும் மாடி ஜன்னலில் நின்று கேட்டாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மதிலுக்கு அப்பால் கரை தெரியும், எங்கள் சமையலறையிலிருந்து தெரியாது. அப்பா ஒரு டப்பா நிறைய நாக்குகளோடு கரையில் உட்கார்ந்தார். முதல் நாக்குக்கு அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்ததற்கு நர்ஸ் மேலிருந்து, “எனக்கே கேக்குது அங்கிள்!” என்று கத்தினாள். இன்னொன்று, அதற்குப் பின் இன்னொன்று. நான் கரைக்கும் சமையலறைக்கும் நடந்தே இளைத்தேன்.

கடைசி நாக்கு தடிமனானது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் நின்று காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை. வேலை கெட்டது என்று நினைத்தேன்.

“கேக்குது,” என்றாள் அம்மா.

“பொய் சொல்லாத. அவர் பாவம்னு சொல்ற.”

“சும்மா இருடி. இதோ, நிறுத்திட்டாரு.”

“கைய எடுத்துட்டாரு!” என்றாள் நர்ஸ் மேலிருந்து.

“இப்ப சுத்துறாரு. மெதுவா சுத்துறாரு.”

“மறுபடி சுத்துறாரு! எனக்கு ஒண்ணுமே கேக்கல, கண்ணுக்குத்தான் தெரியுது!”

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எனக்குக் காற்றுதான் கேட்டது. அம்மாவின் முகத்தில் நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து இருந்த இறுக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. “நாளைக்கும் போகட்டும்,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

கரைக்கு ஓடினேன். அப்பா தலையைத் தூக்காமல் காத்திருந்தார்.

“அம்மாவுக்குக் கேக்குதுப்பா. நாளைக்கும் போகச் சொல்லிட்டா.”

“மேல?”

“கேக்கலையாம்.”

“உனக்கு?”

“எனக்கும் கேக்கல.”

அப்பா டப்பாவை மூடினார். அப்படியொரு பெருமை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

“அப்ப வேலை சரியா முடிஞ்சுது,” என்று தக்கையைத் தண்ணீரில் விட்டார்.