சந்தனம் படாத சோபா

எங்கள் ஹாலில் மூன்று பேர் உட்காரக்கூடிய ஒரு சோபா இருக்கிறது. பாலாடை நிறம். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் அதில் ஒரு கறை இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் "எப்படிங்க இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு டீ போடப் போய்விடுவேன். எப்படி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அந்த டீயை அவர்கள் குடிக்கமாட்டார்கள்.

வீடு லிண்டல் மட்டத்தில் இருக்கும்போது என் கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். சுவருக்குத் தண்ணீர் விடப் போனவர். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மருத்துவமனையில் ஒரு மாதம், பிறகு வாடகை வீட்டுக் கட்டிலில் ஆறு மாதம். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் சுவர்கள் திருத்தணி மலை அடிவாரத்தில் கூரையில்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் எழுந்து நடப்பாரா என்பதே தெரியாதபோது வீட்டைப் பற்றி யார் பேசுவார்கள்?

நான் பேசவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து போனில் வீட்டு அலங்கார வீடியோக்களைப் பார்ப்பேன். அந்த வீடுகளில் யாருக்கும் இடுப்பு உடைந்திருக்காது. மாத்திரை அட்டை ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லாம் வெள்ளை, பாலாடை, லேசான மண் நிறம். அங்கேதான் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டேன். ஓர் அறையில் அறுபது பங்கு ஒரே நிறம், முப்பது பங்கு அதற்குத் துணை நிறம், மீதிப் பத்துப் பங்கு மட்டும் கண்ணை இழுக்கிற நிறம். பத்தைத் தாண்டினால் வீடு கூச்சல் போடுமாம். நிறம் ஒன்றாகவே இருந்தாலும் துணியின் நெசவு மாறவேண்டும் என்றும் சொன்னார்கள். வழவழப்பான சோபாவுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான திரை வந்தால்தான் இரண்டும் எடுபடும். ஒரு நோட்டு வாங்கி, துணிக்கடையில் கேட்டு வாங்கிய துண்டுகளை ஒட்டி வைத்தேன். பக்கத்திலேயே பெயிண்ட் அட்டையிலிருந்து வெட்டிய சதுரங்கள். மருத்துவமனை வார்டில் தொங்கிய பச்சைத் திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்ததால், என் வீட்டில் பச்சை என்பதே வரக்கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். கிறுக்குத்தனம்தான். அந்த நோட்டு இல்லாவிட்டால் அந்த ஏழு மாதத்தில் எனக்கு நிஜமாகவே கிறுக்குப் பிடித்திருக்கும்.

அவர் எழுந்தார். முதலில் வாக்கர், பிறகு கழி. வீடும் மெதுவாக எழுந்தது. பெயிண்ட் அடிக்க வந்தவர் கே.ஜி.கண்டிகைக்காரர். என் நோட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஹால் பூரா வெள்ளை அடிச்சிட்டா கிருத்திகைக்கு இன்னா பண்ணுவீங்க? ஜனம் வந்துகினே இருக்கும். தலையில சந்தனத்தோட செவுத்துல சாய்வாங்க."

"தொடைச்சா போற பெயிண்ட்டுதானே? நீங்க அடிங்க," என்றேன். ஊர்க்காரர் பேச்சைக் கேட்டால் ஊர்க்காரர் வீடு மாதிரிதான் இருக்கும் என்ற திமிர் எனக்கு. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது?

ஏனென்றால் அவர் சொன்னது எனக்குத் தெரியாததில்லை. வாடகை வீட்டுச் சுவரில் தலை உயரத்தில் வரிசையாக மஞ்சள் வட்டங்கள் இருந்தன. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து கண்ணயர்ந்த இடங்கள். எது யார் தலை என்றுகூட எனக்குத் தெரியும். பெரிய வட்டம் பாவாவுடையது.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறார். நைனாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அக்கா வீடுதான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளைப் பற்றி யார் பேசினாலும் முதலில் முடியைத்தான் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும், ஒரு கையில் பிடிக்கமுடியாது. நுனி வெட்டக்கூட யாரையும் விடமாட்டாள். வருடா வருடம் பாவா மொட்டை போடுவார், அவள் மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள்.

தை மாதம் கிரகப்பிரவேசம் நடந்தது. என் கணவர் கழியைத் திண்டோரம் வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வாசற்படி ஏறினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டு வரிசையாகத் தட்டில் புடவை, வேட்டியோடு ஒரு பெரிய பெட்ஷீட்டும் வைத்திருந்தாள். கிளிப்பச்சை. அதில் ராணிக்கலர் கட்டம்.

"உனக்குன்னே பாவாவ தனியா ஓட்டச் சொன்னேன்டி. எந்தக் கடையிலயும் இது கெடைக்காது," என்றாள்.

கிடைக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்குக்கா," என்றேன். பாவா ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரைமர் அடிச்சாச்சா? பெயிண்ட்டு எப்ப?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே அந்தப் பெட்ஷீட்டைப் பிளாஸ்டிக் பையோடு லாஃப்டில் ஏற்றினேன்.

என் ஹாலில் கண்ணை இழுக்கிற பத்துப் பங்குக்குக் கடுகு மஞ்சளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். சோபாவில் இரண்டு குஷன், மூலையில் ஒரு ஜாடி, தரைவிரிப்பின் ஓரத்தில் ஒரு கோடு. சந்தனத்தைக் குழைத்துக் காயவைத்தால் கிட்டத்தட்ட அதே நிறம்தான் வரும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஆடி வந்தது. ஊர் முழுக்கக் காவடி, அரோகரா, மஞ்சள் துணி. கிருத்திகை அன்று காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, குஷன்களைப் படுக்கை அறைக்குள் ஒளித்தது. தரைவிரிப்பைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். திரைகளை எட்டாத உயரத்துக்குத் தூக்கி முடிச்சுப் போட்டேன். சோபாவை மூட ஒரு பெரிய துணி வேண்டும், போனால் போகட்டும் என்கிற துணி. யோசிக்கவே இல்லை, நேராக லாஃப்டில் ஏறினேன். கிளிப்பச்சை பெட்ஷீட் சோபாவுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. பின்பக்கம் ஊக்கு குத்தினேன்.

"இன்னாத்துக்கு இத்த மூடிகினு இருக்க? வர்றது உங்க அக்காதானே?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு தேய்க்கறது நான்தான்."

மத்தியானம் கேட்டைத் திறந்தால் பாவாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் புடவையில் ஒரு மொட்டைத் தலை. ஒரு நொடி யாரென்றே தெரியவில்லை. அக்கா! முடி இல்லாமல் முகம் சின்னதாகிப் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தாள். தலை நிறையச் சந்தனம், வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

அந்த நிமிடத்தைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது. என் அக்கா தன் முடியைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தறி நன்றாக ஓடவோ, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவோ வேண்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கண் பார்த்ததெல்லாம் ஒன்றுதான், சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்பது.

"இன்னாக்கா இது!" என்றேன்.

"நல்லாருக்கா?" என்று தலையைத் தொடாமல் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

"வா, வா. கால தொடைச்சிகினு வா."

உள்ளே வந்தவள் சோபாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இங்க பாருங்க!" என்று பாவாவைக் கூப்பிட்டாள். "நம்ம பெட்ஷீட்ட ஹால்லயே போட்டு வெச்சிருக்கா. அவளுக்குப் புடிக்கும்னு நான் சொன்னேன்ல?" அதன் கட்டங்களைக் கையால் நீவினாள்.

"ஆங், நீ வர்றேன்னுதான்க்கா போட்டேன்," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். வெறுங்காலோடு மலைப்படி ஏறி இறங்கிய களைப்பு, கண்ணை மூடிக்கொண்டாள். நான் மோர் எடுக்க உள்ளே போனேன். தம்ளர்களோடு திரும்பும்போது பெட்ஷீட் சரிந்து, சோபாவின் முதுகில் ஒரு சாண் அளவு வெளியே தெரிந்தது. அக்காவின் தலை மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா! தலைய சாய்க்காத!"

அடுப்பை நோக்கித் தவழும் குழந்தையைப் பார்த்துக் கத்துகிற கத்தல் அது. அவள் தூக்கிவாரிப்போட நிமிர்ந்தாள். நான் தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய், அவள் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பெட்ஷீட்டை இழுத்து மூடி, கழன்ற ஊக்கை மறுபடியும் குத்தினேன். "ஈரமா இருக்குதுக்கா, பட்டா போவாது," என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த ஊக்கைப் பார்த்தாள். பிறகு மேலே முடிச்சுப் போட்டிருந்த திரைகளைப் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த விரிப்பையும் பார்த்தாள். தை மாதம் பார்த்த ஹால் அவளுக்கு மறந்திருக்குமா? பச்சைப் பெட்ஷீட் எதற்கு அங்கே வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது.

"ஆங்," என்றாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் டாக்டருக்குக் காத்திருப்பவள் மாதிரி முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "கீழ நல்லா காத்து வருது," என்று சொல்லி, பாவா படுத்திருந்த பாய்க்கு இறங்கிவிட்டாள். சுவரிலும் சாயவில்லை. நானும் உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கத்தைவிட அந்த அப்பாடாதான் முதலில் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எப்போதும் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள்தான் போவார்கள். அன்று நான்கு மணிக்கே அக்கா எழுந்துவிட்டாள். தறி வேலை கிடக்கிறதாம். கிருத்திகைக்கு இரண்டு நாள் தறியை நிறுத்தி வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் பின்பக்கம் கால் கழுவப் போயிருந்தபோது, பாவா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் கணவரிடம் சொன்னார். "கழி இல்லாம நல்லா நடக்கறீங்க இப்ப. நீங்க படுத்துகினு இருந்தீங்கல்ல, அப்பவே வேண்டிகினா. இந்த வீட்டுப் படிய நீங்க உங்க கால்ல ஏறிட்டா முடி குடுக்கறேன்னு. என்கிட்டயே போன வாரம்தான் சொன்னா." குத்திக்காட்டச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா வந்ததும், "இருக்கா, தங்கிட்டுக் காலைல போ," என்று கையைப் பிடித்தேன். இன்னும் எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது.

"இருக்கட்டும்டி. வீடு அழகா கீது. அப்பிடியே வெச்சிக்கோ," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, சமாதானமாகியிருப்பேன். எங்களுக்குள் எத்தனையோ சண்டை அப்படித்தான் முடிந்திருக்கிறது.

அவர்கள் போன பிறகு பெட்ஷீட்டை எடுத்தேன். சோபா பளிச்சென்று இருந்தது. மடித்த விளிம்பில், அவள் தலை பட்டும் படாமலும் இருந்த இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் தீற்று. பழக்க தோஷத்தில் வாளியில் ஊறப் போட்டுக் கசக்கினேன். ஒரே கசக்கில் போய்விட்டது. சந்தனக் கறை அவ்வளவு சுலபமாகப் போகும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

போனில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். இரண்டு தடவையும் அக்கா பேச்சைப் பருப்பு விலைக்குத் திருப்பிவிட்டாள். நேரில் போனேன். வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்பினாள். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

போன மாதம் வந்தாள். பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க. முடி கழுத்தைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது, எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தாள். குஷன், விரிப்பு, திரை எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. சோபாவில் எந்தத் துணியும் நான் போடவில்லை. அவள் ஹாலுக்குள் வந்து, போன வருடம் பாய் விரித்திருந்த இடத்தை நோக்கித் தானாகவே நடந்தாள்.

"அக்கா, சோபால உக்காரு. நல்லா சாய்ஞ்சி உக்காரு," என்றேன்.

அக்கா நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பத்திரிகைத் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையால் பின்னந்தலையை ஒருமுறை தடவி, கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள்.