தூங்கும் கண்ணும் முறைக்கும் கண்ணும்

கண்ணை இமை காப்பது போல என்று சொல்லி வைத்தவர்கள் எங்கள் தெரு நூலக்காவைப் பார்த்ததில்லை. அவளுடைய இடது இமை கண்ணைக் காக்கவில்லை. வீட்டுச் சிறையில் வைத்திருந்தது.

நூலக்கா என்பது பெற்றவர்கள் இட்ட பெயரல்ல. தையல்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு மேசை விசிறி மட்டுமே கொள்கிற அறையில் பெண்களுக்குப் புருவம் திருத்துகிறவள் அவள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, கத்தரிக்கோல் போல விரித்து மூடுவாள். வலி என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த முடியும் வந்திருக்கும். பல்லில் நூல் இருக்கும்வரை குறுக்கே பேச மாட்டாள் என்பதால், தெருவின் ரகசியங்கள் அத்தனையும் அந்த நாற்காலியில்தான் இறங்கின.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுடைய இடது இமை தணியத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, மழை வருமோ வராதோ என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவாரே, அப்படி. அது இறங்க இறங்க, வலது கண் அகன்றுகொண்டே போனது. இடப்பக்கம் நின்று பார்த்தால் நூலக்கா நின்றபடியே தூங்குகிறாள். வலப்பக்கம் வந்தால் முறைக்கிறாள். ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்துபோய், "பாவம், அசதி" என்று ஒருத்தியும், "அசதியா? திமிர்!" என்று இன்னொருத்தியும் வாதாடி, அன்றிரவு அடுப்பே எரியவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் அவள் கடைக்குத்தான் போக வேண்டும்.

இமைக்கு அடியில் எஞ்சிய சந்து வழியாகப் பார்ப்பதற்காக அவள் நெற்றியைச் சுருக்கி, மோவாயைத் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள். தலை சாய்ந்தவளுக்கு எது நேர்? அவள் சமமாக்கிய புருவங்களில் வலது புருவம் எப்போதும் ஒரு நூல் மேலே ஏறி நின்றது. ஒற்றைப் புருவம் ஏறிய முகம் என்ன முகம்? எதையும் நம்பாத முகம். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அந்த முகத்தோடுதான் நடமாடினார்கள். ஆண்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுமுன் பொய்யைக் கழற்றி வைத்தார்கள். பால்காரர் தண்ணீர் கலப்பதை விட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், போன மாதம் எட்டிப் பார்க்காமலே எழுதிவிட்டதாகத் தாமாகவே ஒப்புக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் மிகைப்படுத்துவதில்லை, தேம்பல் வேண்டுமானால் ஒன்று குறைவாக இருந்திருக்கலாம்.

தெரு திருந்திக்கொண்டிருந்தது. நூலக்காவுக்குத்தான் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள், வழக்கமாக வருகிற கணக்கு டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"நூலக்கா, இங்க ஒண்ணு இருந்துச்சே?"

"எது டீச்சர்?"

"புருவம்!"

இடது புருவத்தின் வால்பாதியைக் காணோம். டீச்சர் முன்முடியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டவில்லை, அதுதான் நூலக்காவுக்குத் தாங்கவில்லை. நூல்கண்டை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"முடி வளந்துடும். கண்ணோரத்துல நூல் ஓட்டறவ கண்ணு தெரியாம ஓட்டலாமா? நேரா தெரியற வரைக்கும் அந்த நாற்காலில யாரையும் உக்கார வெக்க மாட்டேன்."

நேராகத் தெரியாமலே போய்விட்டால்? அந்த நாற்காலியைத் தவிர அவளுக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது.

அவள் கணவர் ரோலிங் ஷட்டர் பழுது பார்ப்பவர். இமையைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இது ஷட்டர் கேஸ். ஸ்பிரிங் தளந்துபோச்சு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா..."

"எண்ணெய்க் கேனோட கிட்ட வந்தீங்க, உங்க ஷட்டர நான் இறக்கிடுவேன்!"

கண் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் சின்னப் பெண்.

"டாக்டரம்மா, இந்த வலது கண்ணுதான் ரொம்ப முழிக்குது. இதக் கொஞ்சம் இறக்கி விட்டுடுங்க. ரெண்டும் சமமாயிடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்த கல்யாணப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டு கண்ணும் சமமாக இருந்தன. சின்ன அளவுகோலை இமையோரம் பிடித்து அளந்தார்.

"திடீர்னு இறங்குச்சா?"

"இல்ல, வருஷக்கணக்கா."

"காலைல நல்லா இருந்து சாயங்காலம் ஆக ஆக அதிகமா தொங்குதா? பாக்கறது ரெண்டு ரெண்டா தெரியுதா?"

"எப்பவும் ஒரே மாதிரிதான். ரெண்டா தெரிஞ்சாக்கூட லாபந்தானே டாக்டரம்மா, எனக்குப் பாதியில்ல தெரியுது!"

டாக்டர் அவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். இடது இமையை விரல் நுனியால் மெல்லத் தூக்கிப் பிடித்தார். "இப்ப வலது கண்ணப் பாருங்க."

இத்தனை வருஷமாகத் தெருவையே மிரட்டிய அந்தக் கண், பெட்டிப்பாம்பாக அடங்கி இறங்கியது.

"ஐயோ, அதையும் தூங்க வெச்சிட்டீங்களா?"

"இதுதாம்மா அதோட சொந்த அளவு. ரெண்டு இமைக்கும் மூளைலேருந்து ஒரே உத்தரவுதான் போகும். இடது எந்திரிக்கலன்னு மூளை சத்தம் போடுது. அது வலதுக்கும் கேக்குது. அது பாவம், இன்னும் மேல ஏறி நிக்குது."

நூலக்கா யோசித்தாள். "எங்க வீட்லயும் இதே கதைதான். பெரியவன் எந்திரிக்கலன்னு நான் கத்துனா, இவரு போய் ரெண்டாந்தடவ பல்லு தேச்சுட்டு வருவாரு."

இமையைத் தூக்கும் தசை நன்றாகத்தான் இருக்கிறது, அது இமையைப் பற்றியிருந்த இடம் வயதில் நழுவிவிட்டது, இழுத்துத் தைத்தால் போதும் என்றார் டாக்டர். பக்கத்தில் இருந்த கணவர் துள்ளினார்.

"நான் சொல்லல? ஷட்டர் கேஸ்!"

"ஸ்பிரிங் நல்லாருக்குங்க. கொக்கிதான் கழண்டிருக்கு."

டாக்டர் வாயிலேயே ஷட்டர் பாஷை வந்துவிட்ட பூரிப்பில், அன்று முழுக்கக் கணவருக்குப் பசியே எடுக்கவில்லை.

அறுவை நாளில் இமையில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆள் விழித்தே இருந்தாள். நடுவில் உட்கார வைத்து, நேரே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஒத்துப் பார்த்தார் டாக்டர். நூலக்காவுக்குக் கண்ணாடி கேட்கக் கை துறுதுறுத்தது.

"டாக்டரம்மா, இன்னும் ஒரே ஒரு நூல் மேல..."

"இதுக்கு மேல தூக்கினா தூங்கறப்ப கண்ணு மூடாது. காஞ்சு புண்ணாயிடும். போதும்ங்கற எடத்துல நிறுத்திடணும்மா."

அது நூலக்காவின் சொந்த வசனம். இதுக்கு மேல எடுத்தா புருவமே இருக்காது என்று அவள் எத்தனை பேரை அடக்கியிருக்கிறாள்!

சில நாள் இமை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. "வேலை நடக்குது, ஷட்டர் பாதி தொறந்திருக்கு" என்று கணவர் தெருவெல்லாம் அறிக்கை விட்டார். வீக்கம் வடிந்ததும் நூலக்கா கடையைத் திறந்து, மோவாயைத் தூக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே பெரிய ஒட்டடை.

"நீ எத்தன வருஷமாடி இங்க குடியிருக்க?"

இடது இமை இன்னமும் ஒரு மயிரிழை தாழ்ந்துதான் இருந்தது. அது இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி வந்த தலைவலி போயிற்று. நாற்காலிதான் காலியாக இருந்தது. புருவ வால் காணாமல் போன கதை தெரு முழுக்கப் போயிருந்ததே!

பிறகு டீச்சர் வந்தார். வால் வளர்ந்திருந்தது.

"பயமா இல்லயா டீச்சர்?"

"பயந்தான். ஆனா உங்க பல்லுல நூல் ஏறினாத்தான் எனக்குப் பேச்சு வருது. ரொம்ப நாளா நெஞ்சுல அடைச்சிருக்கு. ஆரம்பிங்க."

பூட்டைத் திறந்து நூல்கண்டை எடுத்தாள். தலை நேராக நின்றது, கண் நேராகப் பார்த்தது, நூல் நேராக ஓடியது. இரண்டு புருவமும் அடிக்கோல் வைத்துப் போட்டது போல. டீச்சர் கண்ணாடியைப் பார்த்து மலர்ந்து போனார்.

மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தார், மூச்சிரைக்க.

"நூலக்கா, என்ன பண்ணி வெச்சீங்க! நேத்து எங்க வீட்டுக்காரர் லேட்டா வந்து, ஆபீஸ்ல மீட்டிங்குங்கறார். என் மூஞ்சிய நேரா பாத்து சொல்றார்! சீட்டாட்டம்னு ஊருக்கே தெரியும். இத்தன வருஷத்துல இப்படி ஒரு தைரியம் வந்ததே கெடயாது. பழையபடியே போட்டு விடுங்க."

"அது கண்ணு தெரியாம செஞ்சது டீச்சர்."

"இப்ப கண்ணு தெரிஞ்சு செய்யுங்க!"

நூலக்கா நூலைக் கடித்தாள். பழக்கத்தில் தலை சாயப் பார்த்தது, நிமிர்த்திக்கொண்டாள். ஒழுங்காகத் தெரிகிற கண்ணோடு, அளவு பார்த்து, வலது புருவத்தை ஒரே ஒரு நூல் ஏற்றி நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தினா என்ன?" என்றார் டீச்சர்.

நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள். "அப்புறம் உங்களுக்கே உங்க மேல சந்தேகம் வந்துடும். எந்திரிங்க டீச்சர், வெளிய ஆள் நிக்குது."

வாசலில் மாமியாரும் மருமகளும், யார் முதலில் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.