பூட்டாத பூட்டு

1998, ஐப்பசி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். தாமிரபரணி அணைக்கட்டுகளின் நீர்மட்ட அளவுகள் போன் வழியாக வந்து ஒரே திரையில் தெரிவதற்கு ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். அளவைப் பதிவு செய்யும், மற்றப் பகுதிகளும் எடுத்துப் பயன்படுத்தும் ஷேர்டு லைப்ரரி என்னுடையது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று போன் வந்தாலும் வாங்கிக்கொள்ள, போனுக்கு ஒன்றாகத் தனித்தனியே ஓடும் த்ரெட் பகுதியை எழுதியவன், ஏரலிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு நண்பன்.

இரண்டையும் சேர்த்ததும் வந்தது வினை. ஒரு போன் என்றால் ஒழுங்காக ஓடும். இரண்டு சேர்ந்து வந்தால் ஓர் அணையின் அளவு இன்னொன்றின் பெயரில் ஏறிவிடும். மழைக்காலத்தில் இப்படிக் காட்டினால் விளங்குமா? ஒரு த்ரெட் எழுதும்போது இன்னொன்று குறுக்கே நுழையாமல் தடுக்கும் பூட்டுக்கு லாக் என்று பெயர். அதில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, என் பகுதி தனியா ஓட்டினா தங்கமா ஓடுது. இவன் லாக்கு போட்டதுதான் சரியில்ல" என்று அடித்துச் சொன்னேன்.

"சரியாத்தான் போட்டிருக்கேன் அண்ணாச்சி, நாலு தடவ பாத்துட்டேன்" என்றான் அவன்.

மறுநாள் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒனக்கு இந்த வேல சரிப்படாதுலே. ஊருக்குப் போ" என்றார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவன் படியிறங்கிப் போனான்.

அவன் தப்பைக் கையோடு பிடித்துக் காட்டிவிடும் வீம்பில், எந்தப் பெயர் எந்த லைப்ரரியிலிருந்து வருகிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தேன். த்ரெட் பகுதியிலிருந்து வர வேண்டிய லாக்கின் பெயர் என் லைப்ரரியிலிருந்து வந்துகொண்டிருந்தது! த்ரெட் பகுதி வருவதற்கு முன்னால், என்னுடையதைத் தனியாக ஓட்டிப் பார்ப்பதற்காக அதே பெயரில் ஒன்றுமே செய்யாத, ஃபங்ஷன் என்கிற வெற்றுக் கட்டளைத் தொகுப்பு ஒன்றை எழுதி வைத்திருந்தேன். 'பிறகு எடுக்க வேண்டும்' என்று குறிப்பு வேறு. இரண்டும் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் முதலில் கண்ணில் பட்ட என்னுடையதையே எடுத்துக்கொண்டுவிட்டது. அவன் ஒழுங்காகத்தான் பூட்டியிருக்கிறான், பூட்டுதான் பூட்டவில்லை.

சத்தம் காட்டாமல் அழித்துவிட்டு நானே சரிசெய்ததாகப் பீற்றிக்கொள்ளலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைப்பானேன்? ஆனால் தூக்கோடு படியிறங்கிப் போனவன் நினைவு விடவில்லை. அந்த ஃபங்ஷனை எடுத்துவிட்டு இரண்டு போனையும் ஒன்றாக அடிக்க வைத்தேன். அளவுகள் அச்சுப் பிசகாமல் வந்தன. அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒன்ன பொறவு ஏசுதேன். ஏரல் பஸ் கெளம்புததுக்குள்ள ஓடுலே!" என்று ஸ்கூட்டர் சாவியை விட்டெறிந்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஏரல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் இருந்தவனிடம், மழையில் நனைந்தபடி, அத்தனை பேர் கேட்கத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அப்ப ரெண்டு போனும் சேந்து அடிச்சும் சரியா வந்துச்சாண்ணே?" என்றுதான் கேட்டான்.

"வந்துச்சுலே."

முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அப்பாடா" என்றான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"எறங்குதியளா இல்லியாவே?" என்று கண்டக்டர் சத்தம் போட, இறங்கி வந்தான்.

அந்த பஸ் ஐந்து நிமிடம் முந்திக் கிளம்பியிருந்தால், தனக்கு வேலை தெரியாது என்று தானே நம்பிக்கொண்டு அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். அதை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்று ஆகிப் பிறகுதான் மனசு ஆறுகிறது.